வட்டத்துக்குள் இறங்காத பென்சில்

செல்லம்மை பென்சிலைப் பிடித்த விதம் இன்றும் நினைவிருக்கிறது. நடவு நடுகிறவர்கள் நாற்றைப் பிடிப்பதுபோல மூன்று விரலும் அடியில் கூடியிருந்தன. மேசையில் ஓர் அரைத்தாள். தாளில் நான் வரைந்த பெரிய வட்டம். வட்டத்தின் கீழ்ப்பக்கத்தில் மட்டும் கோடு கூடாமல் ஒரு விரற்கடை இடைவெளி.

என் இடது கையில் நொடி காட்டும் கடிகாரம். வலது கையில் நோட்டுப் புத்தகம். அதில் எழுதியிருந்ததை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் வாசித்தேன்.

"இது ஒரு வயல். உன் பந்து இந்த வயலுக்குள் விழுந்துவிட்டது. எந்த இடத்தில் என்று உனக்குத் தெரியாது. இங்கே இருந்து தொடங்கு. பந்தைத் தேடுவதற்கு எப்படி எப்படிப் போவாய் என்று பென்சிலால் வழி போட்டுக் காட்டு." இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டினேன்.

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், பயிரு..."

நான் தலையை ஆட்டினேன். பரிசோதனையின் நடுவில் பிள்ளைகள் கேள்வி கேட்கக் கூடாது; கேட்டாலும் நான் பதில் சொல்லக் கூடாது. விதி அப்படி.

அவள் பென்சிலை வைத்தாள். வட்டத்தின் கோட்டின்மேலேயே, ஒரு நூல் உள்ளே விலகாமல், மெள்ளச் சுற்றி வந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஆடிக்காற்று வேப்பமரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. சுற்றி முடித்து அதே இடைவெளிக்கு வந்ததும் பென்சிலை அங்கேயே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நுனி அழுந்தி ஒரு கரும்புள்ளி விழுந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு, டீச்சர்."

வட்டத்துக்குள்ளே ஒரு கீறல்கூட இல்லை. பந்தைத் தேட அவள் உள்ளேயே போகவில்லை. நான் கடிகாரத்தை நிறுத்தி, நேரத்தை எழுதி, அதன் பக்கத்தில் பூஜ்யம் போட்டேன்.

எட்டு இடம்

அந்தப் பூஜ்யம் யாரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாகர்கோவிலில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பு முடித்த பெண்கள் நாற்பத்தொரு பேர். இங்கிலீஷ் வகுப்பில் சம்பளமில்லாமல் படிக்க எட்டு இடம். மற்றவர்களில் வசதியுள்ளவர்கள் சம்பளம் கட்டிப் படிப்பார்கள். இல்லாதவர்கள் லேஸ் ரூமில் சேர்ந்து பின்னல் வேலை பழகுவார்கள். லேஸ் ரூமில் புத்தகம் கிடையாது.

செல்லம்மை தேரூர்ப் பக்கத்திலிருந்து தினமும் நடந்து வருகிறவள். கருப்பட்டி பொதிந்து வந்த காகிதத்தைக்கூட வாசித்து முடித்துத்தான் எறிவாள். அவள் அப்பா பொன்னையா மற்றவர்களுடைய வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை பார்த்தார். ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளிக்கூட வாசலில் நின்று, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, என்னிடம் சொன்னார்: "எட்டுல ஒண்ணு கெடச்சா படிக்கட்டும் டீச்சர். கெடைக்கல்லன்னா லேஸுக்கு விட்டுருகேன். ரெண்டுங்கெட்டானா வீட்டுல இருக்கப்பிடாது."

ஒவ்வொரு வருஷமும் இந்த எட்டு இடத்துக்குச் சிபாரிசுக் கடிதங்கள் வரும். சபை மூப்பர் எழுதுவார், தாலுகாக் கச்சேரிக் குமாஸ்தா எழுதுவார். ஒரு தடவை கடிதத்தோடு செவ்வாழைக் குலையும் வந்தது. எங்கள் தலைமையாசிரியை இங்கிலாந்துக்காரி. பேர் சொல்லி யாரும் அழைப்பதில்லை, மிஸ்ஸியம்மா என்றுதான் சொல்வோம். வேதப் புத்தகத்தை வைத்துத் தமிழ் படித்தவர்.

சென்னையில் பயிற்சி முடித்து நான் வேலைக்கு வந்த புதிதில், பிள்ளைகளின் புத்தியை அளக்க ஒரு முறை இருக்கிறதென்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"சிபாரிசு நுழையக் கூடாத முறைமை ஒன்று உண்டோ? அப்படியானால் அதையே நீர் செய்யும்."

செய்தேன்.

காதைத் தொட்டவர்கள்

இந்த நினைவுத் தொடரின் ஆரம்பத்தில் நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளைப் பற்றி எழுதியபோது ஒன்றை விட்டுவிட்டேன். அன்றைக்கு என்னையும் அளந்தார்கள்.

வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் படிக்கிற வயசு வந்துவிட்டது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. எனக்கு எட்டவில்லை. ஆனால் தலையைச் சாய்த்தால் காது தானாகக் கையிடம் வரும் என்று கண்டுபிடித்துத் தொட்டுவிட்டேன். வாத்தியார் சிரித்துக்கொண்டே பெயர் எழுதினார். என் பின்னால் நின்ற பெண்ணுக்கும் எட்டவில்லை. அவள் தலையைச் சாய்க்கவில்லை. நேராக நிற்கச் சொல்லியிருந்தார்களே என்று நேராகவே நின்றாள். திரும்பிப் போனாள்.

எங்கள் இருவரில் யாருக்குப் புத்தி அதிகம் என்று வெகுகாலம் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பெட்டியில் இருந்தவை

சென்னையிலிருந்து நான் கொண்டுவந்த தகரப்பெட்டியில் இருந்தவை:

நொடி காட்டும் கடிகாரம், ஒன்று.
மரக்கட்டைகள், சதுரம், பதின்மூன்று.
மூன்று நிறத்தில் பாசிமணி, ஒரு டப்பா.
ஏதோ ஒன்று குறைவுபட்ட படங்கள், ஒரு கட்டு. என்ன குறைகிறதென்று சொல்ல வேண்டும்.
கேள்விகள் அச்சிட்ட இங்கிலீஷ்ப் புத்தகம், அதன் தமிழாக்கம் எழுதிய என் நோட்டு.

பிரான்சில் ஒரு அறிஞர் தொடங்கிவைத்த வேலை இது. வகுப்போடு சேர்ந்து வர முடியாத பிள்ளைகளை முன்கூட்டியே கண்டுபிடித்து, அவர்களுக்கு வேறுவிதமாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். ஒவ்வொரு வயதுக்கும் ஏற்ற கேள்விகளைக் கோத்தார். எட்டு வயதுக் கேள்விகள் வரைக்கும் பதில் சொல்கிற பிள்ளையின் மன வயது எட்டு. பின்னால் வந்த ஒருவர், மன வயதை உடம்பின் வயதால் வகுத்து நூறால் பெருக்கச் சொன்னார். ஒரே ஒரு எண் கிடைத்தது. அந்த எண்ணின்மேல் எனக்கிருந்த பிரியத்தை இப்போது மறைத்துப் பயனில்லை. அது அவ்வளவு சுத்தமாக இருந்தது.

கல்லூரி விடுதியில் இதைப் பற்றிச் சண்டையே நடக்கும். எல்லாக் காரியத்துக்கும் அடியில் ஓடுகிற ஒரே பொதுச்சக்திதான் புத்தி; கணக்கில் கெட்டி என்றால் கதை சொல்வதிலும் ஓரளவு கெட்டியாகத்தான் இருப்பாள் என்பது ஒரு கட்சி. அப்படி ஒன்று இல்லை; சொல், எண், உருவம், ஞாபகம் என்று தனித்தனிச் சக்திகளின் கட்டுதான் அது என்பது எதிர்க்கட்சி. நான் முதல் கட்சி. பேச்சிப்பாறை அணையில் ஒரு ஷட்டரைத் தூக்கினால் எங்கள் பக்கத்துக் கால்வாய்களெல்லாம் நிறைகிறதல்லவா, அதுபோல என்று வாதாடினேன். கால்வாய் தூர்ந்து கிடந்தால் என்ன செய்யும் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அந்த எண்ணுக்கு முதல் அடி விழுந்தது. வகுப்பதற்கு வயது வேண்டுமே. செல்லம்மையின் வயதைக் கேட்டபோது பொன்னையா, "பெரிய வெள்ளம் வந்து கொளம் ஒடஞ்சுல்லா, அதுக்கு அடுத்த கும்பப்பூ அறுப்புக்குப் பெறந்தா" என்றார். கும்பப்பூ என்பது எங்கள் பக்கத்தில் தை, மாசியில் அறுக்கிற பயிர். எந்த வெள்ளம், எந்தக் குளம் என்று நான் கேட்கவில்லை. வகுத்தலை விட்டுவிட்டு மதிப்பெண்களை மட்டும் வரிசைப்படுத்துவதென்று முடிவு செய்தேன்.

மொழிபெயர்ப்பில் எனக்கு ஏகப் பெருமை. பனியும் புகைபோக்கியும் வந்த இடங்களில் மழையும் ஓட்டுக்கூரையும் போட்டேன். பந்துக் கேள்வியில் மைதானம் என்று எழுதி அடித்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு மைதானம் விளங்காது. வயல் என்றால் நாஞ்சில் நாட்டில் தெரியாத பிள்ளை உண்டா? அடித்த சொல்லின்மேல் அழகாக வயல் என்று எழுதினேன்.

லேஸ் ரூமில்

லேஸ் ரூமை நடத்தியவர் எஸ்தர் அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தலையணை மாதிரியான திண்டில் ஊசிகளைக் குத்தி, நாற்பது மரக்குச்சிகளில் நூலைச் சுற்றி, பேசிக்கொண்டே பின்னுவார். குச்சிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் மழை ஓட்டில் விழுவதுபோலக் கேட்கும்.

பரிசோதனை நடந்த வாரத்தில் ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்தேன்.

"புத்திய அளக்கதுக்குப் பெட்டி வாங்கிட்டு வந்திருக்கியாம. எனக்க புத்தியையும் அளந்து சொல்லு மக்கா. எத்தன நாழி வரும்?"

"நாழியில அளக்க மாட்டோம் அக்கா."

"பின்ன எதுல, மொழக்கோலுலயா?" குச்சிகள் நிற்கவில்லை. "எனக்குப் பெட்டி வேண்டாம். நூலு சிக்கிச்சுன்னு வையி. ஒருத்தி பிடிச்சு இழுப்பா. ஒருத்தி கத்திரிய எடுப்பா. ஒருத்தி கையக் கெட்டிட்டுப் பாத்துட்டே இருப்பா. பாத்துட்டு இருக்கவ தேறுவா."

"அவ ஒண்ணும் தெரியாமலும் இருக்கலாமே."

"இருக்கலாம். அதுக்குத்தான் கொஞ்ச நேரம் நாமளும் பாத்துட்டு இருக்கணும்."

பிறகு மெள்ள, "அந்தத் தேரூர்க்காரி செல்லம்மைக்கு நல்ல வெரலு. ஒனக்க பெட்டி அவள வேண்டான்னு சொல்லிச்சுன்னா எனக்குத் தா" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு மூஞ்சி அப்பிடிப் போகு? லேஸ் ரூம் என்ன நரகமா?" என்றார்.

நரகம் இல்லைதான். ஆனால் அவருடைய அலமாரியில் கருப்பட்டிக் காகிதம்கூட இல்லை.

அட்டவணை

வெள்ளிக்கிழமை மாலை மதிப்பெண்களைக் கூட்டினேன். எட்டாவது இடம் மைமூனுக்கு வந்தது. கோட்டாற்றில் மஞ்சள் வியாபாரியின் மகள், படபடவென்று பேசுவாள். பந்துக் கேள்விக்கு அவள், முற்றம் பெருக்குவதுபோல இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம் என்று வட்டம் முழுவதையும் கோடு போட்டு நிரப்பிவிட்டாள். முழு மதிப்பெண், இரண்டு. ஒன்பதாவதாக வந்தவள் செல்லம்மை. மைமூனைவிட இரண்டே மதிப்பெண் குறைவு.

பட்டியல் போடுவது எனக்கு வழக்கம். சும்மா இருக்க முடியாமல், பந்துக் கேள்விக்கு மட்டும் ஊர் வாரியாக ஓர் அட்டவணை போட்டேன். போட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோட்டாற்றுத் தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகள், கடற்கரை ஊர்ப் பிள்ளைகள், ஏறக்குறைய எல்லாரும் வட்டத்துக்குள் போயிருந்தார்கள். வயல் சூழ்ந்த ஊர்களிலிருந்து வந்தவர்களில் ஒருத்திகூடப் போகவில்லை. எல்லாரும் கோட்டின்மேலேயே சுற்றியிருந்தார்கள்.

ஏதோ பெரிய உண்மையைக் கண்டுவிட்டதாக எனக்குத் தோன்றியது. மையில் எழுதினேன்: "உழவு ஊர்களின் பிள்ளைகளிடம் திட்டமிட்டுத் தேடும் ஆற்றல் குறைவாகக் காணப்படுகிறது." வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. இரண்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் எட்டுப் பெயரும் வாசிக்கப்படும். செல்லம்மையின் அப்பாவுக்கு அதற்குமுன் நேரில் சொல்லிவிடுவது மரியாதை என்று நினைத்தேன். அவளுடைய தாள்களை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை தேரூருக்குப் புறப்பட்டேன்.

வரப்பில்

பொன்னையா வீட்டில் இல்லை. ஏலாவில் இருப்பதாகச் சொன்னார்கள். வயல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கண்ணுக்கெட்டும் தூரம் கிடக்கும் பரப்பை எங்கள் பக்கத்தில் ஏலா என்போம். ஆவணி, புரட்டாசியில் அறுக்கிற கன்னிப்பூப் பயிர் இடுப்பளவு நின்றது. வேரடியில் தண்ணீர் நெளிந்தது. காற்று பயிரின்மேல் கையால் தடவியதுபோலப் போய்க்கொண்டிருந்தது. குடையை விரித்தேன், அது உடனே பின்பக்கமாக மலர்ந்துவிட்டது. மடக்கினேன்.

பொன்னையா மண்வெட்டியோடு ஒரு மடையில் நின்றார். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் இறங்க வரப்பில் வெட்டிவிட்ட வாய்தான் மடை. செல்லம்மை பக்கத்து வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தையே பார்த்தாள்.

"டீச்சர் வெயிலுல வாறியளே. ஆளு விட்டிருந்தா நான் வந்திருப்பேம்லா" என்றார் பொன்னையா.

விஷயத்தைச் சொன்னேன். ஒன்பதாவது என்றேன். அவர் சிறிது நேரம் மண்வெட்டியின் காம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒம்பதாவதா. கிட்டத்துல வந்துட்டு." பிறகு மகளைப் பார்க்காமல், "செரி. எஸ்தரம்மைக்க கிட்ட விட்டுருவோம்" என்றார்.

அறுத்த புல்லைச் செல்லம்மை காலால் ஒதுக்கினாள்.

எங்கே தவறினாள் என்றாவது அவருக்குக் காட்டிவிடலாம் என்று நினைத்தேன். பையிலிருந்து பந்துக் கேள்வித் தாளை எடுத்தேன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. இருபது முப்பது அடிக்கு அப்பால் பயிரின் நுனிகளில் போய் உட்கார்ந்தது. நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வரப்பிலிருந்து இறக்கினேன்.

"எறங்காதீங்க."

அப்பாவும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். என் கால் பாதி வழியில் நின்றது.

"பயிரு சவட்டப்பிடாது டீச்சர்" என்றார் பொன்னையா. என்னைத் திட்டியதுபோல ஆகிவிட்டதோ என்று நினைத்துக் குரலைத் தணித்தார். "நம்ம வயலுன்னாலும் எறங்க மாட்டோம். இது அடுத்தவனுக்க வயலு. ஒரு காலு வச்சா நாலு மூடு சாஞ்சு போவும்."

"அப்ப தாள்?"

"அது வரும் டீச்சர்" என்றாள் செல்லம்மை. வரப்போடு சுற்றி நடந்தாள். ஓடவில்லை. காற்று போகிற திசையில், எதிர் வரப்பில், ஓரிடத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். தாள் நுனிக்கு நுனி தாவித் தாவி வந்தது. ஒரு முறை சிக்கி நின்றது. அவள் அசையவில்லை. மறுபடி காற்று எழுந்து அதை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் கொண்டுவந்து போட்டது. எடுத்துக்கொண்டு அதே வரப்பு வழியாகத் திரும்பி வந்தாள்.

"காயிதம்னா காத்து போற பக்கம் நிக்கணும்" என்று சொல்லித் தந்தாள். "பந்துன்னா வேண்டாம். பந்து வயல்ல கெடக்க வெள்ளத்துல மெதந்து மடைக்கு வந்துரும்."

தாளை வாங்கி விரித்தேன். கோட்டின்மேல் அவள் போட்ட கோடு. இடைவெளியில் அந்தக் கரும்புள்ளி.

"செல்லம்மை, இது என்ன?" இடைவெளியைக் காட்டினேன்.

"மடை."

"வாசல் என்று நான்..." சொல்ல வந்து நிறுத்தினேன். நான் வாசல் என்று வாசிக்கவில்லை. இங்கே இருந்து தொடங்கு என்றுதான் வாசித்தேன்.

"வயலுக்கு ஏது டீச்சர் வாசலு?" என்றாள் அவள். "சுத்திப் பாத்துட்டு மடையில வந்து நின்னேன். நீங்க ஆச்சான்னு கேட்டிய. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கணும்னு சொல்ல நெனச்சேன். பேசப்பிடாதுன்னு சொல்லியிருந்தியளே."

"முதலில் ஏதோ கேட்க வந்தாயே?"

"பயிரு நிக்குதா, அறுத்துப் போட்ட வயலான்னு கேக்கப் போனேன்."

என் பையில் கடிகாரம் இருந்தது. நான் எதையும் அளக்காமல் நம்புகிறவள் இல்லை. வரப்பில் நின்ற புன்னை மரத்தடியில் கிடந்த ஒரு காயை எடுத்து வயலுக்குத் தண்ணீர் நுழையும் மேல்தலைக்குப் போய் எறியச் சொன்னேன். செல்லம்மை எறிந்தாள். பொன்னையா சிரித்துக்கொண்டே மடையை இன்னும் ஒரு வெட்டு ஆழமாக்கினார். நாங்கள் மூவரும் மடையில் குந்தி உட்கார்ந்தோம்.

நான் இரண்டு முறை எழுந்து பார்த்தேன். அவர்கள் இருவரும் எழவில்லை. கடிகாரத்தில் பெரிய முள் ஆறு நிமிஷம் தாண்டியதும், பயிரின் நடுவிலிருந்து காய் ஒன்றும் அறியாததுபோல மிதந்து வந்து என் காலடியில் தட்டியது.

"பந்துன்னா இன்னும் வெரசலா வரும்" என்றார் பொன்னையா.

கேள்வி யாருடையது

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மிஸ்ஸியம்மாவின் வீட்டுக்குப் போனேன். தாள், அட்டவணை, என் மை வாக்கியம் மூன்றையும் அவர் முன்னால் வைத்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒருத்திக்காகக் கணக்கைத் திருத்தினால் அதுவும் சிபாரிசு அல்லவா?"

"அவளுக்கு மதிப்பெண் போடச் சொல்லவில்லை அம்மா."

"பின்னை என்ன? அவளுடைய விடை தவறா, அன்றிக் கேள்வி தவறா?"

"கேள்வி. அதைத் தமிழில் எழுதியவள் நான். தெருப் பிள்ளைகளுக்கு அது வெறும் இடம். வயற்காட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒருவருடைய பயிர். ஒரே கேள்வியை எல்லாருக்கும் கேட்டதாக நினைத்தேன். இரண்டு கேள்வி கேட்டிருக்கிறேன்."

அவர் அட்டவணையை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் வாக்கியத்தில் விரலை வைத்தார்.

"இதை மையில் எழுதினீரே."

"ஆமாம்."

"அப்படியானால் மையிலேயே அடியும். நாளைக்கு நாற்பத்தொருவரும் அந்த ஒரு கேள்வியைத் திரும்பச் செய்யட்டும். பெயர்களைச் செவ்வாய்க்கிழமை வாசிப்பேன்."

திங்கட்கிழமை

புதிய தாள்களில் வட்டம் வரைந்தேன், நாற்பத்தொன்று. கேள்வியில் ஒரே ஒரு மாற்றம்: "இது அறுவடை முடிந்து, தண்ணீர் வற்றி, காய்ந்து கிடக்கிற வயல்."

எஸ்தர் அக்கா வேடிக்கை பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தனக்கும் ஒரு தாள் வேண்டும் என்றார். கொடுத்தேன். வட்டத்துக்குள் அருமையான ஒரு பூப்பின்னல் வரைந்துவிட்டு, "பந்து இதுல எங்கயாது சிக்கும்" என்றார்.

கோட்டாற்றுப் பிள்ளைகள் மறுபடியும் முற்றம் பெருக்கினார்கள். மைமூனுக்கும் முழு மதிப்பெண்தான். எழுந்து போகும்போது, "போன தடவ உள்ள வயலத்தான டீச்சர் தொடச்சுக் காய வச்சிருக்கிய?" என்று கேட்டாள். சிரிக்காமலிருக்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வயல் ஊர்ப் பிள்ளைகள் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். ஒருத்தியும் பெருக்கவில்லை. எல்லாரும் உழுதார்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு கோடு, அதற்கு உள்ளே அடுத்த கோடு, அதற்கும் உள்ளே இன்னொன்று. ஏர் சால் ஓட்டிச் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போவதுபோலப் பென்சில்கள் போயின. இங்கிலீஷ்ப் புத்தகத்தின் பின்பக்கத்தில் உத்தமமான விடைக்கு மாதிரியாக ஒரு படம் அச்சிட்டிருந்தது. அதுவும் அதேபோல உள்ளே சுருண்டு போகிற கோடுதான். அந்தப் படத்தை வரைந்தவர் எங்கே ஏர் பிடித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

செல்லம்மை கடைசி ஆள். உட்கார்ந்ததும், "இன்னைக்கு எறங்கலாமா டீச்சர்?" என்று கண்ணால் கேட்டாள். வாயால் கேட்கவில்லை. நான் கேள்வியை வாசித்தேன். காய்ந்து கிடக்கிற என்ற இடம் வந்ததும் அவள் தோள் இறங்கியது.

சுற்றினாள். நெருக்கமாக, நிதானமாக, கோட்டுக்குக் கோடு ஒரே அகலத்தில். நடுவுக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் கடிகாரத்தின் தலையில் கட்டைவிரலை வைத்தேன். ஆனால் அவள் பென்சிலை எடுக்கவில்லை. நடுவிலிருந்து நேராக ஒரு கோடு இழுத்து, இடைவெளி வழியாக வெளியே வந்து, வட்டத்துக்கு அப்பால் தாளின் வெள்ளையில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ஆச்சு."

நேரத்தை எழுதினேன். இரண்டு மதிப்பெண் போட்டேன். அதற்குப் பிறகு கேட்கலாம், விதி தடுக்காது.

"இந்தக் கோடு எதற்கு?"

"பந்து கெடச்சாச்சுல்லா டீச்சர்" என்றாள். "எடுத்துட்டு வெளிய வரண்டாமா?"

நாற்பத்தொரு பேரில் வேறு யாரும் வெளியே வரவில்லை. சென்னையில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கிய நானும் வரவில்லை. எங்களுக்குத் தேடினால் போதும் என்றிருந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். வெளியே வந்ததற்கு மதிப்பெண் எதுவும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை மிஸ்ஸியம்மா எட்டுப் பெயர் வாசிக்க எழுந்து ஒன்பது பெயர் வாசித்தார். எட்டாவது இடத்தில் இருவர் சமமாக நிற்பதால் இருவருமே எட்டாவது என்றார். மைமூனும் செல்லம்மையும் ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார்கள். எஸ்தர் அக்கா எனக்குப் பின்னால் நின்று, "எனக்க நல்ல வெரல ஒனக்க பெட்டி கொண்டு போய்ட்டே" என்று முணுமுணுத்தார். அவர் கோபமாக இல்லை.

பொது ஷட்டர் கட்சியிலிருந்து நான் விலகிவிட்டேனா என்று கல்லூரித் தோழி ஒருத்தி கடிதத்தில் கேட்கிறாள். விலகவில்லை. தண்ணீர் ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன். அது எந்த மடையில் வந்து சேரும் என்று தெரியாமல் அளக்க உட்காரக் கூடாது, அவ்வளவுதான். தகரப்பெட்டி இப்போதும் என்னிடம் இருக்கிறது; வருஷத்துக்கு ஒரு முறை திறக்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் இருந்த விதிகளோடு ஒன்றைக் கூட்டியிருக்கிறேன்: எழுதி முடித்த பிறகு, ஏன் என்று கேள்.

அந்த மை வாக்கியம் ஒரே கோட்டால் அடிக்கப்பட்டு அட்டவணையின் அடியில் கிடக்கிறது. கிழித்துப் போடவில்லை. அட்டவணையில் ஊருக்கு ஒரு பத்தி, நேரத்துக்கு ஒரு பத்தி, மதிப்பெண்ணுக்கு ஒரு பத்தி இருக்கின்றன. வெளியே வந்தவளுக்கு அதில் இடமில்லை. ஆகவே செல்லம்மையின் பெயருக்கு நேரே, கட்டங்களுக்கெல்லாம் அப்பால் ஓரத்து வெள்ளையில், பென்சிலை ஊன்றி ஒரு புள்ளி வைத்தேன்.